ஏறிய ஆயில் இறங்கும் வழி

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில் மலை தாழ்ந்து கணவாயாகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நுழைந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கொண்டுவருகிறது. ஊருக்கு அது சீசன். தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி நிற்கும் பழைய புல்லட்டுக்கு ஓய்வுகாலம். ஆவணியில் சாரல் அடங்கியதும் வண்டிக்காரர் சாக்கை விலக்கி ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார். நுனியில் பட்டும் படாமலும் ஆயில். தரையிலோ ஒரு சொட்டுக் கறை இல்லை. குறைந்ததை ஈடுகட்ட அரை லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டுக் கிக்கரை மிதிக்கிறார். வழக்கத்தைவிடக் கனமாக இறங்குகிறது. எஞ்சின் பிடித்ததும் சைலன்சரிலிருந்து தெருவை மூடும் அளவுக்குப் புகை. பிரீதர் குழாய் ஆயிலைத் துப்புகிறது. பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: “ரிங்கு போச்சு அண்ணாச்சி, போர் பண்ணிர வேண்டியதுதான்.”

ரிங் போகவில்லை. ஆயிலும் எங்கும் போகவில்லை. அதே எஞ்சினுக்குள், இருக்கவேண்டிய அறையை விட்டு இருக்கக்கூடாத அறைக்கு மாறியிருக்கிறது. பழைய எஞ்சின்களில் ஆயில் தொடர்பான தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் எண்ணம். ஆயிலை ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். அது எப்படித் திரும்பி வருகிறது என்பதை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை.

இந்த எஞ்சின் நம் ஊருக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948-இல் புதிய வடிவில் காட்டிய 350 சிசி புல்லட்டை, இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 1950-களின் தொடக்கத்தில் 800 எண்ணிக்கையில் வாங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைக் கோத்தார்கள், பிறகு பாகங்களையே வார்த்தார்கள். தாய் ஆலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் இந்த நூற்றாண்டிலும் உருவாகிக்கொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அடிப்படை அளவுகள் மாறாததால், தாத்தாவின் வண்டிக்குப் பேரன் வண்டியின் உதிரிபாகம் பொருந்துகிற அதிசயம் இங்கே இன்றும் நடக்கிறது.

இப்போது எஞ்சினுக்குள் போவோம். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் ஆயில் எஞ்சினின் அடிவயிற்றிலேயே தேங்கி நிற்கும். பழைய புல்லட்டில் அப்படியில்லை. கிராங்க் சுழலும் அறையும் ஆயில் தொட்டியும் ஒரே வார்ப்பில் இருந்தாலும் நடுவில் சுவர் உண்டு. தொட்டி பின்பக்கம். அதன் கொள்ளளவு சுமார் இரண்டேகால் லிட்டர். கிராங்க் அறையின் அடியில் உள்ள சம்ப் எப்போதும் கிட்டத்தட்டக் காலியாக இருக்க வேண்டும். அதற்காக டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள் வேலை செய்கின்றன. ஒன்று தொட்டியிலிருந்து ஆயிலை எடுத்து ஃபில்டர் வழியே கிராங்க் முனைக்குச் செலுத்தும். அங்கிருந்து அது பிக் எண்ட் பேரிங்குக்குப் போய், வெளியே தெறித்து, சிலிண்டர் சுவரை நனைத்து, சம்பில் விழும். விழுந்ததை அள்ளித் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது இரண்டாவது பம்பு. ராக்கர்களுக்கு ஒரு மெல்லிய வெளிக்குழாய் வழியாக ஆயில் ஏறுகிறது. அங்கே வேலை முடிந்ததும் புஷ் ராட் ஓடும் பொந்து வழியாகத் தானாகக் கீழே இறங்கி வர வேண்டும்.

அனுப்பும் பம்பைவிட அள்ளும் பம்புக்குத் திறன் அதிகம். சம்பில் விழுவது வெறும் ஆயிலாக இல்லாமல் காற்று கலந்த நுரையாக இருப்பதால் அதன் பருமன் கூடிவிடும். கூடுதல் திறன் இல்லாவிட்டால் சம்ப் நிரம்பிக்கொண்டே போகும்.

இரண்டு பம்புகளின் அமைப்பும் எளிமையானது. ஒரு வட்டத் தகடு, அதில் துளைகள், அதற்குள் ஓடும் ஒரு சின்ன பிளஞ்சர். ஸ்பிரிங் அந்தத் தகட்டை ஒரு சமதளத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. தகடு ஆடும்போது துளைகள் மாறிமாறித் திறந்து மூடும். தனியாக வால்வு கிடையாது, ரப்பர் சீல் கிடையாது. இரண்டு உலோக முகங்கள் எவ்வளவு சமமாக ஒட்டுகின்றனவோ அவ்வளவுதான் பம்பின் அடைப்பு. வண்டி ஓடும்போது இது போதும். நிற்கும்போதுதான் சிக்கல். தொட்டியில் ஆயில் மட்டம் உயரம், சம்பில் தாழ்வு. நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய ஓர் இடைவெளி. ஆயில் அந்த இடுக்கில் ஊர்ந்து, இரு அறைகளின் மட்டமும் ஒன்றாகும்வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. குச்சி காட்டிய குறை இதுதான். அந்த நேரத்தில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் அள்ளும் பம்பு சம்பில் உள்ளதையெல்லாம் தொட்டிக்குத் தள்ள, அதற்கு அங்கே இடமிருக்காது.

மெல்லிய இடுக்கில் திரவம் எப்படி ஓடும் என்பதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பொஷாம் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளில் பயன்படுவது போன்ற பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை செருகினார், அதுவும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டது. சுழலும் அச்சு தனக்குத் தேவையான அழுத்தத்தைத் தானே ஆயில் படலத்துக்குள் உருவாக்கிக்கொள்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1883-இல் வெளியான அந்த முடிவை வைத்துக்கொண்டு ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் மெல்லிய படலங்களுக்கான கணக்கை வகுத்தார். பிக் எண்டில் இரும்பும் இரும்பும் தொடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவது அந்தக் கணக்கின்படிதான்.

நமக்கு வேண்டிய சங்கதி அதே கணக்கின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இரு சமதளங்களுக்கு நடுவே கசியும் அளவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. பம்புத் தகட்டைத் தேய்த்து இடைவெளியைப் பாதியாக்கினால், ஒரு வாரத்தில் இறங்கிய ஆயில் இறங்க எட்டு வாரம் ஆகும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துபவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. கசிவை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, சாரல் காலத்தைத் தாண்டும் அளவுக்கு மெதுவாக்கினால் போதும்.

ஆயிலின் தடிப்பும் இதில் சேரும். சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தடிப்பானது. ஆகவே நீண்ட பயணம் முடிந்து சூடாக நிறுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் கசிவது, ஆறிய பிறகு பல மணி நேரம் கசிவதற்குச் சமம்.

இதுவரை பார்த்தது நிற்கும் வண்டியின் கதை. ஓடும் வண்டியில் ஆயில் திரும்பாமல் தங்குவது இதைவிட மோசம், அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். ராக்கர் பெட்டிக்கு ஏறிய ஆயில் புஷ் ராட் பொந்து வழியாக இறங்க வேண்டும் அல்லவா? அதை இறக்க எந்தப் பம்பும் இல்லை. ஈர்ப்பு விசை மட்டும்தான். வழியில் கசடு படிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசேய் சொல்லியிருக்கிறார். நுண்குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி, கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு அளந்தவர் அவர். ஜெர்மன் பொறியாளர் ஹாகனும் 1839-இல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். குழாயில் ஓடும் அளவு, விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் துளையின் சுவரில் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கசடு படிந்து துளை 4 மில்லிமீட்டராகச் சுருங்கினால், ஓடும் ஆயில் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும் என்று கண் சொல்லும். கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குதான் ஓடும். டார்ச் அடித்துப் பார்த்து “துளை திறந்துதானே இருக்கு” என்று விட்டுவிடுவது அதனால்தான் ஆபத்து.

துளை சுத்தமாக இருந்தும் ஆயில் இறங்காத எஞ்சின்கள் உண்டு. அங்கே குற்றவாளி காற்று. மளிகைக் கடையில் எண்ணெய் டின்னைத் திறப்பவர் ஒரு மூலையில் மட்டும் துளை போடுவதில்லை. எதிர் மூலையில் இன்னொன்றும் போடுவார். இல்லாவிட்டால் எண்ணெய் ‘குபுக் குபுக்’ என்று தயங்கித் தயங்கித்தான் வரும், வெளியேறும் எண்ணெயின் இடத்துக்குக் காற்று அதே துளையில் முட்டிமோதி உள்ளே வர வேண்டியிருப்பதால். புல்லட்டின் புஷ் ராட் பொந்து அந்த ஒற்றைத் துளை. ஆயில் இறங்கவும் காற்று ஏறவும் அதே வழி.

அந்தக் காற்று அமைதியாகவும் இருப்பதில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறையில் 346 சிசி இடம் குறைகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு 50 முறை. அதாவது நொடிக்கு 17 லிட்டர் காற்று இடம் தேடி அலைகிறது. அதோடு ரிங் இடுக்கு வழியே கசியும் எரிந்த வாயுவும் சேர்கிறது. இதை வெளியேற்றத்தான் பிரீதர். நுனி ஒட்டிய ரப்பர் குழல் ஒன்று, உள் அழுத்தம் கூடும்போது வாய் திறக்கும், குறையும்போது மூடிக்கொள்ளும். வெளியே போன காற்று திரும்ப வராததால் கிராங்க் அறைக்குள் சராசரியாக வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தமே நிலவும். ஆயில் இறங்குவதற்கும் அது துணை, கேஸ்கெட் வழியே கசியாமல் இருப்பதற்கும் அதுவே காவல்.

அந்த ரப்பர் விறைத்துப் போனாலோ, குழாய் மடிந்து அடைத்துக்கொண்டாலோ எல்லாம் தலைகீழ். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட நூற்றில் ஒரு பங்கு கூடினாலே போதும், அது 12 சென்டிமீட்டர் உயர ஆயில் தூணைத் தாங்கி நிறுத்தும். ஒவ்வொரு அடியிலும் பொந்தில் மேல்நோக்கி வீசும் காற்று இறங்க முயலும் ஆயிலைத் தடுக்கிறது. ராக்கர் பெட்டி நிரம்புகிறது. நிரம்பிய ஆயில் வால்வு கைடு வழியே எரியும் அறைக்குள் போகிறது, ராக்கர் கவரில் வழிகிறது, டைமிங் கவர் விளிம்பில் சொட்டுகிறது.

சொட்டும் இடத்தைப் பார்த்ததும் கை தானாக ஸ்பேனருக்குப் போகும். போல்ட்டை இறுக்குவோம், இன்னும் நின்றபாடில்லையென்றால் கேஸ்கெட்டை மாற்றிச் சுற்றிலும் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவோம். இதுதான் இந்தத் தொல்லையை முற்றவைக்கிற வேலை. பிதுங்கிய பேஸ்ட்டில் பாதி வெளியே வரும், பாதி உள்ளே போகும். உள்ளே போனது பிய்ந்து ஆயில் வழியில் சிக்கும். கசிவை நிறுத்தப் போட்ட மருந்தே திரும்பும் வழியை அடைத்துவிடும். பழைய புல்லட்டைப் பிரிப்பவர் ஆயில் துளைகளில் ரப்பர் நூலாகப் பேஸ்ட் கிடப்பதைக் காண்பது அரிதில்லை. இணையும் முகம் சமமாக இருந்தால் மெல்லிய பூச்சு போதும். சமமாக இல்லாத முகத்தை எவ்வளவு பேஸ்ட்டும் காப்பாற்றாது.

சாரலின் மேல் சுமத்தப்படும் இன்னொரு பழியும் இருக்கிறது. குச்சியை உருவினால் ஆயில் வெளுத்துக் குழம்பாக வரும். ‘ஈரக்காற்று உள்ளே போயிடுச்சு’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் நீராவியைத்தான் ஏந்தும். எஞ்சின் சூடாகி ஆறும்போது அரை லிட்டர் காற்றை உள்ளிழுத்தால் அதோடு வரும் நீர் 12 மில்லிகிராமுக்கும் குறைவு. நூறு நாள் தினமும் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரு கிராம். பெட்ரோல் எரிவதைப் பாருங்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் முழுவதும் நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கினால் 10 மில்லிலிட்டர்.

ஆக, ஆயிலைக் கெடுக்கும் தண்ணீர் எஞ்சின் தானே காய்ச்சியது. சாரலின் பங்கு வேறு. குளிர்ந்த காற்றும் தூறலும் சிலிண்டரின் விசிறிப் பட்டைகளை நனைத்துக்கொண்டே இருக்க, தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போய் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் பயணத்தில் ஆயில் போதிய சூட்டை எட்டுவதேயில்லை. உண்டான நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. அந்தக் குழம்பு ஆயிலைவிடத் தடிப்பானது. துளைகளிலும் ஃபில்டரிலும் தங்குகிறது, அமிலங்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மருந்து எளிது: வாரம் ஒருமுறையாவது திருநெல்வேலிவரை, 50 கிலோமீட்டருக்கு மேல், நிற்காமல் ஓட்ட வேண்டும். தினமும் வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பவர், நல்லது செய்வதாக நினைத்து வண்டிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

சரி, எது எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புகையே பாதி விடை சொல்லும். பலநாள் நின்று எடுத்ததும் புகைந்து, சில நிமிடத்தில் தெளிந்துவிட்டால் அது தொட்டியிலிருந்து இறங்கிய ஆயில். ஆரியங்காவிலிருந்து புளியரை நோக்கி ஆக்சிலேட்டரை மூடி இறங்கிவிட்டு, அடிவாரத்தில் திருகியதும் ஒரு கொத்துப் புகை வந்தால், ராக்கர் பெட்டியில் தேங்கியதை இன்லெட் வால்வு கைடு உறிஞ்சியிருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் அப்போது ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

மீதி விடையை டிரெயின் போல்ட் சொல்லும். தொட்டிக்கும் சம்புக்கும் தனித்தனி போல்ட் இருப்பது இந்த எஞ்சினின் பெரிய வசதி. நன்றாக ஓட்டிச் சூடேற்றி, நிறுத்திய உடனே சம்ப் போல்ட்டைக் கழற்றி வருவதை அளந்து பாருங்கள். கொஞ்சமே வந்தால் அள்ளும் பம்பு நலம். குடம் குடமாக வந்தால் அது அள்ளவில்லை: தகடு தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் வழியில் கசடோ பேஸ்ட்டோ இருக்கலாம், டைமிங் கவர் கேஸ்கெட் வழியே பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கலாம். முதல் சோதனையில் கொஞ்சமாக வந்து, ஒரு வாரம் நிறுத்திவைத்துக் கழற்றும்போது நிறைய வந்தால், கசிவது அனுப்பும் பம்பு. இரண்டு சோதனைக்கும் ஒரு ஸ்பேனரும் ஒரு அளவுக் குவளையும் போதும். எஞ்சினைப் பிரிக்காமல் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

ஆயில் தொட்டி தனியாகத் தொங்கும் சில பிரிட்டிஷ் வண்டிகளில், நிறுத்தும்போது மூடிவைக்க ஆயில் குழாயில் ஒரு டேப் பொருத்துவார்கள். திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் பிக் எண்ட் கதை முடிந்தது. புல்லட்டில் தொட்டி வார்ப்போடு சேர்ந்திருப்பதால் அந்த ஆசைக்கே இடமில்லை. பம்பு முகத்தைச் சரிசெய்வதுதான் வழி. தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, பம்புத் தகட்டை எட்டு வடிவில், அழுத்தாமல், திசை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே மங்கலான சாம்பல் நிறமாக வந்தால் சமம். நடுவில் பளபளப்பு மிஞ்சினால் அங்கே இன்னும் பள்ளம். கவரில் உள்ள எதிர்முகத்தையும் அதே பொறுமையோடு பார்க்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, மீண்டும் கழுவ வேண்டும். துளையில் தங்கிய ஒரு துளி கிரைண்டிங் பேஸ்ட் நேராகப் பிக் எண்டுக்குப் போகும். டைமிங் கவரிலிருந்து கிராங்க் முனைக்கு ஆயில் தாவும் இடத்தில் உள்ள தக்கை சீலையும் அதே வேளையில் புதிதாக்கிவிடலாம். மலிவான பொருள், ஆனால் அது சுருங்கினால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் வழியிலேயே சிதறிவிடும்.

தலையைக் கழற்றியிருந்தால் ராக்கர் பெட்டியில் ஒரு குவளை ஆயிலை ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். கம்பி விட்டுச் சுரண்டிக் கழுவிய பின் மறுபடி ஊற்றிப் பாருங்கள். நான்மடிக் கணக்கு கண்முன்னே தெரியும். பிரீதர் ரப்பரை வாயில் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், உறிஞ்சினால் வரக்கூடாது. உறிஞ்சும்போதும் காற்று வந்தால் ரப்பரை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகும் பம்பில் காற்று நிற்கும். உடனே முறுக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ராக்கர் குழாயின் மேல் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, அங்கே ஆயில் எட்டிப்பார்க்கும்வரை கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாரல் முடிந்து வண்டியை எடுப்பவருக்கும் இதில் பாதி பொருந்தும். குச்சியை நம்பி ஆயில் ஊற்றாமல், முதலில் சம்ப் போல்ட்டைத் திறந்து இறங்கியிருப்பதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். வெளுக்காமல் தெளிவாக இருந்தால் வடிகட்டித் தொட்டியிலேயே ஊற்றலாம். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, அதன்பிறகு குச்சியைப் பாருங்கள். அப்போது அது காட்டுவதுதான் உண்மையான அளவு.